பழுகாமத்தில் வாசிக்காத தாள்

ஒரு பக்கம் எழுத எங்களுக்கு ஆறு கிழமை பிடித்தது என்று நான் சொன்னதும் சுதர்சன் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கலியாண வீட்டுப் பந்தலில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட இருந்து எழுதிய மேசையில் இப்போது அவர்தான் இருக்கிறார்.

"அண்ணன், இப்ப கொம்பியூட்டருக்கு நாலு வரி அடிச்சுக் குடுத்தாக் காணும். தேத்தண்ணி ஆற முன்னம் முழுசா எழுதித் தந்திரும்," என்றார். சொன்னதோடு விடாமல் கைபேசியைத் திறந்து ஒன்றைக் காட்டினார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் வாசித்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட அகப்படவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட எரிச்சல் வேறென்ன வேண்டும்?

"சரி, நீங்க அந்த நாளையில எப்படி எழுதின எண்டு நிலையத்துட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்களன்," என்று கேட்டார். பாயாசம் வந்த நேரம் பார்த்துக் கேட்டதால் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாக்குக்காக எழுதுகிறேன்.

வெளியாருக்கு முதலில் விஷயம் விளங்க வேண்டும். ஆய்வுக்குப் பணம் தருகிறவர்கள் எடுத்த எடுப்பில் முழு விண்ணப்பத்தையும் கேட்க மாட்டார்கள். என்ன செய்யப் போகிறீர்கள், ஏன், எப்படி, அதனால் யாருக்கு என்ன என்பதை ஒரே பக்கத்தில் சுருக்கி அனுப்பச் சொல்வார்கள். கொன்செப்ட் நோட் என்று இப்போது எல்லோரும் சொல்வது அதைத்தான். அது பிடித்தால்தான் மிச்சத்தைக் கேட்பார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வரிக் கடிதம் வரும், பல வேளைகளில் அதுவும் வராது. எங்கள் நிலையத்தில் நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ஒற்றைத்தாள்.

நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், அதாவது சூரியன் எழும் கடற்கரைப் பக்கத்தில், நான்கு அறையும் ஒரு தோணியும் உள்ள சிறிய ஆய்வு நிலையம். நான் அங்கே தட்டெழுத்தாளனாகச் சேர்ந்தேன். பெரியகல்லாற்றில் பிறந்தவன். அப்பா வாவியில் வலை போட்டார், நான் விசைப்பலகையில் விரல் போட்டேன். முதல் மூன்று நான்கு வருடமும் மற்றவர்கள் எழுதியதை அடித்துக் கொடுத்தேன். அடித்து அடித்து எது நல்ல வாக்கியம், எது சும்மா பந்தா என்பது விரலுக்குத் தெரிய வந்தது. ஒரு நாள் ஒரு தாளை அடிக்காமல் திருப்பிக் கொண்டுபோய், "சேர், இதில இரண்டாம் பந்தியும் நாலாம் பந்தியும் ஒண்டையேதான் சொல்லுது," என்றேன். அன்றோடு என் தட்டெழுத்து வேலை முடிந்தது. எழுதுகிற வேலை தொடங்கியது.

அந்த சேர்தான் பாக்கியராசா சேர், எங்கள் பணிப்பாளர். மெலிந்த மனிதர், சத்தம் போடத் தெரியாதவர். என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கடைசி வரைக்கும் "கிளாக்கர்" என்றுதான் கூப்பிட்டார். நான் கிளாக்கராக இல்லாமல் போய்ப் பல வருடத்துக்குப் பிறகும் கிளாக்கர்தான். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அவர் ஒரே முறையைத்தான் கற்றுத் தந்தார்.

ஒரு புல்ஸ்காப் தாளை எடுத்து, குறுக்காக இரண்டு தரம் மடித்து விரித்தால் நான்கு கட்டம் வரும். முதல் கட்டத்தில், எது தெரியாது, அது தெரியாததால் யாருக்கு நட்டம். இரண்டாவதில், மற்றவர்கள் இதுவரை என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்றாவதில், நாங்கள் எந்த மாதத்தில் எங்கே போய் என்ன செய்வோம். நான்காவதில், எல்லாம் முடிந்தபின் ஒரு மனிதன் கையில் பிடிக்கக்கூடியதாக என்ன மிஞ்சும். கட்டத்தை விட்டு எழுத்து வெளியே வரக் கூடாது. எழுதுவது பென்சிலால், தமிழில். ஆங்கிலமாக்குவது கடைசி வேலை. இதில் விசேஷம் என்னவென்றால் நான்காம் கட்டத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். கையில் என்ன மிஞ்சும் என்று சொல்லத் தெரியாதவன் மேலே எழுதக் கூடாது என்பது சேரின் பிடிவாதம். இரண்டு நாள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் திருத்த மாட்டார். சந்தேகமான இடத்தில் ஓரமாகப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். ஏன் வைத்தார் என்று கேட்டால், "அது உங்களுக்குத் தெரியும் கிளாக்கர்," என்பார். என்னுடைய முதல் ஒற்றைத்தாள் சின்னம்மை கண்ட பிள்ளைபோல் திரும்பி வந்தது. 'பாரிய', 'அதிமுக்கிய', 'காத்திரமான' என்று நான் ஆசை ஆசையாகப் போட்ட சொல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புள்ளி. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பார்த்தேன். தாளில் ஒன்றரை வரிதான் மிஞ்சியது.

இதெல்லாம் எழுதுகிறவர்கள் எங்கேயும் செய்வதுதான் என்று சொல்லலாம். வேறெங்கும் நான் காணாத ஒன்று இருந்தது. ஒற்றைத்தாளை அனுப்புமுன், அதில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறோமோ அவர்களிடம் போய் அதை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்ததற்கு ஒரு துண்டு எழுதித் தாளோடு குண்டூசியால் குத்த வேண்டும். வாசித்த இடம், நாள், கேட்டவர், அவர் சொன்னது, அதனால் நாங்கள் மாற்றியது என்று ஐந்து வரி. அந்தத் துண்டு கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவதில்லை, எங்கள் கோப்பில் இருக்கும். ஆனால் துண்டு இல்லாத தாளில் சேர் கையெழுத்து வைக்க மாட்டார்.

ஆரம்பத்தில் எனக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது. பாசிக்குடாவுக்குப் போனபின்தான் புத்தி வந்தது. அங்குள்ள ஹோட்டல்களால் குடாத் தண்ணீர் எவ்வளவு அழுக்காகிறது என்று பார்க்க ஒரு திட்டம். சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பதை மார்கழியில் போட்டிருந்தோம், அப்போதுதான் எங்களோடு சேர்ந்த பல்கலைக்கழகக்காரர்களுக்கு விடுமுறை. அழகான தாள், சேரே இரண்டு புள்ளிதான் வைத்திருந்தார். ஒரு ஹோட்டலின் பின்பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மார்கழி மழைக்குள்ள இஞ்ச ஆர் தம்பி வாற? ஹோட்டலெல்லாம் பூட்டின மாதிரித்தான் கிடக்கும். எங்களுக்கே வேல இல்ல. நீங்க வந்து வெறுந் தண்ணிய அள்ளிப் பாத்துப்போட்டு, துப்புரவா இரிக்கி எண்டு எழுதப் போறீங்களா?" என்று கேட்டார். படித்தவர்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதியதை அந்த அக்கா ஈரக் கையோடு கவிழ்த்துப்போட்டார். மாதத்தை மாற்றினோம்.

துண்டு விஷயத்தில் மட்டும் சேரிடம் இரக்கம் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்பு எழுதிக்கொண்டிருந்த ஒரு பட்டதாரி, போகாத ஊருக்குப் போனதாகத் துண்டு எழுதிவிட்டார். கெட்டிக்காரர், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. அடுத்த வருடம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அப்போது எங்கள் எல்லோருக்கும் வருடாந்த ஒப்பந்தம்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே நான் ஒரு பொய்த் துண்டு எழுதினேன். சுதர்சன் சிரித்த அந்த ஆறு கிழமைக் கதை அதுதான்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் அடைத்துக் கிடக்கும் இடத்தை ஆற்றுவாய் என்போம். மாரி மழை பெய்து வாவி நிரம்பினால் தண்ணீர் போக வழியில்லாமல் மேற்கே, படுவான்கரைப் பக்கம், வயலுக்குள் ஏறும். அப்போது விவசாயிகள் ஆற்றுவாயை வெட்டச் சொல்வார்கள். மீன்பிடிக்கிறவர்கள் வெட்ட வேண்டாம் என்பார்கள். வெட்டினால் வளராத இறால் எல்லாம் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். வருடா வருடம் இந்தச் சண்டை நடக்கும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் போடுவார்கள், அங்கேயும் சத்தம்தான். இதை ஆய்வு செய்ய ஒரு வெளிநாட்டு நிதியம் ஒற்றைத்தாள் கேட்டிருந்தது. இது கிடைத்தால் நிலையத்துக்கு மூன்று வருடம் பிரச்சினை இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வருட ஒப்பந்தத்தில் முதலில் போவது நான்தான் என்பதைச் சேர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். வீட்டில் மூத்தவளுக்கு மூன்று வயது, இரண்டாவது பிள்ளை வயிற்றில்.

வீடு எங்கே என்பதில்தான் சிக்கல். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவது. மல்லிகாவை முடித்து நான் போன ஊர் பழுகாமம், படுவான்கரையில் நெல்லை நம்பி இருக்கிற ஊர். பெரியகல்லாற்று இறாலில் வளர்ந்தவன் பழுகாமத்து நெல்லைச் சாப்பிட்டுக்கொண்டு ஆற்றுவாயைப் பற்றி எழுதப் போனேன். மல்லிகாவின் தமையன் தெய்வநாயகம் மச்சான் அடுத்த ஒழுங்கையில் இருந்தார். வாவியோரமாக அவருக்கு மூன்று ஏக்கர் வயல். முந்திய மாரியில் ஆற்றுவாயை வெட்டப் பிந்தியதால் அந்த மூன்று ஏக்கரும் தண்ணீருக்குள் கிடந்து அழுகியதை நான் அவரோடு வரம்பில் நின்று பார்த்தவன்.

பார்த்தும், எழுத இருந்தபோது கை அப்பாவின் பக்கம் போனது. முதல் கட்டத்தில் நான் எழுதியது இது: 'படுவான்கரை விவசாயிகள் அவசரப்பட்டு ஆற்றுவாயை வெட்டுவிப்பதால் வாவி இறால் அழிந்து வருகிறது.' நான்காம் கட்டத்தில், 'இதை நிறுவும் அறிக்கை.'

பெரியகல்லாற்றில் போய் வாசித்தேன். தோணிக்கரையில் இருந்தவர்கள் கைதட்டாத குறை. அப்பாவின் கூட்டாளி ஒருவர், "எங்கட பொடியன் எண்டா பொடியன்தான்!" என்று முதுகில் தட்டினார். அந்தத் துண்டைச் சந்தோஷமாக எழுதினேன்.

பழுகாமத்தில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் போகிற ஊர்தானே, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். மச்சானின் முகத்தைப் பார்த்து அந்த முதல் வாக்கியத்தை எப்படி வாசிப்பது? ஒரு நாள் காலையில் அலுவலக மேசையில் இருந்தபடியே துண்டை எழுதினேன். 'இடம்: பழுகாமம். நாள்: நேற்றுப் பின்னேரம். கேட்டவர்: தெய்வநாயகம், விவசாயி. சொன்னது: நல்லது என்றார். மாற்றியது: ஒன்றுமில்லை.' குண்டூசியைக் குத்திச் சேரின் மேசையில் வைத்தேன்.

பின்னேரம் தாள் திரும்பி வந்தது. முதல் வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. துண்டிலும் ஒரு புள்ளி, 'நல்லது என்றார்' என்பதற்குப் பக்கத்தில். துண்டில் சேர் புள்ளி வைத்து நான் அதற்கு முன் கண்டதில்லை. விவசாயி எவனும் எதைக் கேட்டாலும் நல்லது என்று மட்டும் சொல்லி விடமாட்டான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேரோ ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளின் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "கிளாக்கர், வாங்க பழுகாமத்துக்கு ஒருக்காப் போயிற்று வருவம். இன்னும் கொஞ்சப் பேரிட்டயும் வாசிச்சா நல்லம்தானே," என்றார்.

பட்டிருப்புப் பாலத்தால் போனோம். பின்னால் இருந்த நான் மல்லிகாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன்.

பலநோக்குக் கட்டடத்தில் பன்னிரண்டு பதின்மூன்று விவசாயிகள் வந்திருந்தார்கள். மச்சான் முன் வாங்கில் இருந்தார். சேர் வணக்கம் சொல்லி முடித்த கையோடு, நான் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"தெய்வநாயகம் ஐயா, இந்தத் தாள உங்களுக்கு முந்தியே வாசிச்சுக் காட்டினதாம். சரிதானே?"

மச்சானின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கூரையைப் பார்த்தேன். என் வேலை, பிறக்கப் போகிற பிள்ளை, எல்லாம் அந்த மனிதரின் வாயில் இருந்தது.

"ஓம் சேர்," என்றார் மச்சான், ஒரு கணமும் தயங்காமல். "மச்சான் வாசிச்சவர். நான்தான் வேல அவசரத்தில வடிவாக் கேக்கல்ல, நல்லது எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்க, எல்லாரும் கேப்பம்."

வாசித்தேன். என்னைக் காப்பாற்றிய வாய் மூடமுன்னமே, அவரைக் குற்றவாளியாக்கும் வாக்கியத்தை அவருக்கு முன்னால் வாசிக்க வேண்டி வந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அந்த ஒரு பக்கம் வாசித்ததுபோல் எதுவும் சுட்டதில்லை. வாசித்து முடித்தேன். பின் வாங்கில் இருந்த ஒருவர், "கல்லாத்துக்காரன்ட எழுத்துத்தானே," என்று முணுமுணுத்தார்.

மச்சான் எழும்பினார். கோபம் இல்லை.

"சேர், அவசரப்படுறது எண்டு எழுதியிரிக்கி. ஆர் அவசரப்படுற? எங்களுக்குள்ளயே ஒரு சொல் இல்ல. நடு வட்டைக்காரருக்குத் தண்ணி ஏறின உடன வெட்டோணும். என்ட கர வட்டையில கெதியா வெட்டினா கடல் தண்ணி ஏறி உப்பாப் போகும், பிந்தி வெட்டினா அழுகிப் போகும். எத்தன நாளைக்குப் பயிர் தண்ணிக்குள்ள தாங்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா அண்டைக்குக் கல்லாத்தில தண்ணி எவ்வளவு நிக்கிது எண்டு எங்களுக்குத் தெரியா. இஞ்ச எவ்வளவு நிக்கிது எண்டு அவங்களுக்குத் தெரியா. தெரியாமத்தான் ரெண்டு பேரும் சத்தம் போடுற."

வட்டை என்றால் வயல் வெளி. ஒரே ஊரின் வட்டைகளுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருப்பது அந்த ஊரில் நான்கு வருடம் சாப்பிட்ட எனக்குத் தெரியாது.

சேர் கேட்டார், "ஒரே நாளில ரெண்டு கரையிலயும் ஆராவது அளந்து பாத்திரிக்கிறாங்களா?"

ஒருவரும் இல்லை. சேர் என் கையிலிருந்த தாளை வாங்கி, மறுபக்கத்தைத் திருப்பி, முழங்காலில் வைத்து மடித்தார். நான்காம் கட்டத்தில் பென்சிலால் எழுதினார்: 'ஒரு கொப்பி. அதில் ஒவ்வொரு நாளும் இரண்டு கரையின் தண்ணீர் உயரமும் உப்பும். எழுதுகிறவர்கள் அந்தந்த ஊர்க்காரர்.' எழுதி மச்சானிடம் நீட்டி, "இது சரியா ஐயா?" என்று கேட்டார். "நாள் தவறாம எழுத ஆள் வேணும்," என்றார் மச்சான். "நான் எழுதுறன்."

திரும்பி வருகையில் சேர் பட்டிருப்புப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். வாவியைப் பார்த்தபடி, "கிளாக்கர், அந்தத் துண்டில நாள மாத்தி எழுதுங்க. இண்டைக்குத்தானே ஒழுங்கா வாசிச்ச," என்றார்.

"சேர், நான் உண்மையில..."

"காத்து பலமா அடிக்குது. ஒண்டும் கேக்கல்ல," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். வாவியில் ஒரு அலை இல்லை.

மிச்ச நாட்களில் புதிதாக எழுதினோம். முதல் வாக்கியம் இப்படி வந்தது: 'ஆற்றுவாயை எந்த நாளில் வெட்டினால் பழுகாமத்து நெல்லும் பெரியகல்லாற்று இறாலும் தப்பும் என்பது இன்றைக்கு எவருக்கும் தெரியாது.' எனக்கு நல்ல திருப்தி. சேர் புள்ளி வைக்கவில்லை. தானே ஒரு வாக்கியம் கூட்டினார்: 'அப்படி ஒரு நாள் இருக்கிறதா என்பதும் தெரியாது.' நான் பதறிப்போனேன். பணம் கேட்கிற இடத்தில் இப்படிச் சொன்னால் யார் தருவார்கள் என்று சண்டை பிடித்தேன். "தெரியாததத்தானே கிளாக்கர் தேடப் போறம்," என்றார். இரண்டு கரையிலும் திரும்ப வாசித்தோம். பெரியகல்லாற்றில் இந்த முறை யாரும் முதுகில் தட்டவில்லை, ஆனால் தண்ணீர் அளக்க இரண்டு பேர் பெயர் தந்தார்கள். பிறகுதான் ஆங்கிலமாக்கி அனுப்பினோம். முதல் மடிப்பிலிருந்து அனுப்பியது வரைக்கும் சரியாக ஆறு கிழமை.

எங்களைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு அம்மா, எங்களைக் கூப்பிட்டதற்குக் காரணமே அந்த இரண்டாம் வாக்கியம்தான் என்றார். திட்டம் கிடைத்தது. என் இரண்டாவது மகள் பிறந்த கிழமையில்தான் கடிதமும் வந்தது. அதற்குப் பிறகு ஆற்றுவாய்ச் சண்டை நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான், நிற்கவில்லை. ஆனால் கச்சேரிக் கூட்டத்துக்கு இரண்டு கரையாரும் ஒரே கொப்பியைக் கொண்டு வந்தார்கள். கையில் கொப்பி இருந்தால் சத்தம் கொஞ்சம் குறைவு.

பலநோக்குக் கட்டடத்தில் வாசித்த அன்று பின்னேரமே நான் மச்சானின் வீட்டுக்குப் போனேன். துண்டில் எழுதியதை ஒளிக்காமல் சொல்லி, "ஏன் மச்சான் எனக்காகப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன். "தங்கச்சி புட்டு அவிச்சு வெச்சிரிக்காள், ஆறிப்போகும், போய்ச் சாப்பிடுங்க," என்றார். அதன்பின் எந்த ஒற்றைத்தாளையும், அது பாசிக்குடாவைப் பற்றியதாக இருந்தாலும், முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டினேன். சேர் ஓய்வு பெற்றார், சில வருடம் கழித்துக் காலமானார். அன்று பாலத்தில் அவர் பாதி ஊகித்து மீதியை மன்னித்துவிட்டார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

சுதர்சனுக்குத் தருமுன் இந்தக் கட்டுரையையும் மச்சானிடம் கொண்டுபோய் வாசித்தேன். பழக்கம் விடுகிறதா? காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. பலநோக்குக் கட்டடத்து இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மச்சான், அது நான் யோசிச்சுச் சொன்ன பொய் இல்ல. முந்தின நாள் சேர் தனிய வட்டைக்கு வந்தவர்."

"எதுக்கு மச்சான்?" என்றேன்.

"வரம்பில நிண்டு கேட்டவர், உங்கட மச்சான் வாசிச்சுக் காட்டினவரா எண்டு. எனக்கென்ன தெரியும்? இல்லையே சேர் எண்டு உள்ளதச் சொல்லிப்போட்டன். மறுகா சொன்னார், நாளைக்கு நான் ஆக்களுக்கு முன்னால கேப்பன், ஓம் எண்டு சொல்லுங்க, அதுக்குப் பிறகு ஆரும் கிளற மாட்டாங்க. வேற ஆரும் எழும்பி, இவர் வாசிக்கவே இல்லியே எண்டு சொல்லிட்டா என்னால மறைக்க ஏலா, மேலிடத்துக்கு எழுதத்தான் வேணும் எண்டார். முந்தி ஒருத்தர இதுக்காக அனுப்பிப்போட்டு நெடுக யோசிச்சிரிக்கன், இவரயும் அனுப்ப மனமில்ல எண்டார். உங்களுக்குச் சொல்லப்படா எண்டும் சொன்னவர். அவர் போய்ச் சேந்திற்றார்தானே, இனிச் சொன்னா என்ன."

அழுதேன் என்பதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. இரக்கமே கிடையாது என்று நாங்கள் எல்லோரும் நம்பிய அந்த மனிதர், எனக்காக ஒரு விவசாயியிடம் போய்ப் பொய் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தாளில் ஒரு தேவையில்லாத சொல்லைக்கூடப் பொறுக்காதவர். என் இரண்டு மக்களும் படித்தது, நான் இந்த ஓய்வூதியத்தைத் தொட்டது, எல்லாம் அந்த வரம்பில் இரண்டு பேர் நின்று பேசிய பேச்சிலிருந்து வந்தது. நன்றி சொல்ல ஒருவர்தான் மிச்சம் இருந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "விசர்க் கத கதைக்காதீங்க, மிச்சத்த வாசிங்க," என்றார்.

வாசித்து முடித்தேன். துண்டு எழுத வேண்டும் என்று பேனையை எடுத்து, "சொன்னது எண்ட இடத்தில என்ன போட மச்சான்?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு என்ட பேரில என்ன எழுதின?"

"நல்லது என்றார் எண்டு."

"அப்ப அதயே போடுங்க."

தம்பி சுதர்சன், உங்கள் கணினி எழுதிய பக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. கீழே இது மட்டும்தான் இல்லை:

வாசித்த இடம்: பழுகாமம்.
நாள்: நேற்றுப் பின்னேரம்.
கேட்டவர்: தெய்வநாயகம், விவசாயி.
சொன்னது: நல்லது என்றார்.
மாற்றியது: சேரைப் பற்றி நான் நினைத்திருந்ததை.